எதை மாற்றுவது, எதை விடுவது: அப்பாவின் புல்லட்டோடு பதின்மூன்று மாதம்

அப்பாவின் புல்லட் இன்ஜினை நான் இரண்டு முறை கட்ட வேண்டி வந்தது. முதல் முறைக்கு 34,500 ரூபாய். இரண்டாவது முறைக்கு 21,800. நடுவில் வண்டியைப் பர்லியாரிலிருந்து குன்னூருக்கு ஏற்றிவந்த குட்டி யானைக்கு 2,200. மொத்தம் பதின்மூன்று மாதம். பணம் போனதுகூடப் பரவாயில்லை, சம்பாதித்துக்கொள்ளலாம். முதல் முறை கழற்றி வீசிய பாகங்களில் பாதி, மாற்றவே தேவையில்லாதவை. மாற்றியே தீர வேண்டிய ஒன்று, ஒரு டீ வடை விலைகூடப் பெறாத கார்க் வளையம், பழையதே திரும்ப உள்ளே போய் உட்கார்ந்திருந்தது. இதை எனக்கு முன்கூட்டியே யாராவது உட்கார வைத்துச் சொல்லியிருந்தால் எவ்வளவோ மிச்சமாகியிருக்கும். வீட்டுக் கொட்டகையில் பழைய புல்லட்டை வைத்துக்கொண்டு "இந்த வருஷமாவது பிரிச்சுடணும்" என்று நினைத்துக்கொண்டிருப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன்.

வண்டி 1976 மாடல். திருவொற்றியூரில் செய்த 350. உள்ளே 70 மி.மீ. போர் (சிலிண்டர் துளையின் விட்டம்), 90 மி.மீ. ஸ்ட்ரோக் (பிஸ்டன் ஏறி இறங்கும் தூரம்), 346 சிசி, வார்ப்பிரும்புச் சிலிண்டர். அப்பா அருவங்காடு வெடிமருந்துத் தொழிற்சாலையில் வேலை பார்த்தார். ஷிஃப்ட் முடிந்து அவர் வரும் சத்தம் முக்கு திரும்பும்போதே கேட்கும், அம்மா அடுப்பைப் பற்ற வைப்பார். 2011-இல் அப்பா போனபிறகு வண்டியை யாரும் தொடவில்லை. பதினோரு வருடம் ஆஸ்பெஸ்டாஸ் கொட்டகைக்குள் தார்ப்பாய்க்கு அடியில் நின்றது. குன்னூர்ப் பக்கம் ஐப்பசி கார்த்திகையில்தான் மழை வெளுத்து வாங்கும், மற்ற மாதங்களில் மேகமே வீட்டுக்குள் வந்து போகும். துணியே காயாத ஊரில் இரும்பு என்ன ஆகும்? 2022 ஏப்ரலில் தார்ப்பாயை எடுத்துக் கிக்கரை மிதித்தேன். கல்லை மிதித்த மாதிரி நின்றது. பிஸ்டன் பிடித்துக்கொண்டிருந்தது.

பிளக்கைக் கழற்றி அந்த ஓட்டை வழியாக டீசலை ஊற்றி வைத்தேன். தினமும் வேலை முடிந்து வந்து டாப் கியரில் போட்டுப் பின்சக்கரத்தை மெதுவாக முன்னும் பின்னும் ஆட்டிப் பார்ப்பேன். எட்டு நாள் ஒன்றும் நடக்கவில்லை. ஒன்பதாம் நாள் ஒரு விரல் அகலம் நகர்ந்தது. அன்று ராத்திரி எனக்குச் சோறு இறங்கவில்லை, அவ்வளவு சந்தோஷம். பிடித்துக்கொண்ட இன்ஜினோடு யாரும் சண்டை போடாதீர்கள். கிக்கர் மேல் ஏறிக் குதித்தால் உடைவது கிக்கர் பல்தான். பொறுமையாக ஊறவிட்டால் பெரும்பாலும் தானே விடும்.

இதற்கு அடுத்து நான் செய்ததுதான் முதல் தவறு. பிஸ்டன் விட்டவுடன் பழைய ஆயிலை இறக்கி, புது ஆயில் ஊற்றி, கார்புரேட்டரைக் கழுவி, பாயிண்ட்டைத் தேய்த்து, வண்டியை ஒருமுறை ஓட வைத்துப் பார்த்திருக்க வேண்டும். ஓடும் இன்ஜின் தன் குறையைத் தானே சொல்லும். எங்கள் மலையில் அதைக் கேட்பது இன்னும் சுலபம். குன்னூரிலிருந்து மேட்டுப்பாளையம் இறங்கும்போது ஆக்சிலேட்டரை மூடியே வெகுதூரம் வருகிறோம். அப்போது இன்ஜினுக்குள் உறிஞ்சல் அதிகமாக இருக்கும். வால்வு ஏறி இறங்கும் குழாயான வால்வு கைடு தேய்ந்திருந்தால் அந்த உறிஞ்சலில் ஆயில் கைடு வழியாக இறங்கிச் சேரும். கல்லாறு தாண்டி முறுக்கியவுடன் பின்னால் குபீரென்று ஒரு நீலப்புகை வந்து நின்றுவிடும். ஏறும்போது இழுவையில் விடாமல் நீலப்புகை வந்தால் பிஸ்டன் ரிங்கையும் போரையும் சந்தேகப்பட வேண்டும். கறுப்புப் புகை என்றால் இரண்டுமே இல்லை, பெட்ரோல் அதிகம். 1,850 மீட்டர் உயரத்தில் காற்று மெலிசு. கீழே சமவெளியில் சரியாக வைத்த கார்புரேட்டர் இங்கே பிளக்கைக் கரியாக்கும். பெட்ரோல் போகும் துளையான ஜெட்டை ஒரு படி சிறிதாக்கினால் தீர்கிற விஷயத்துக்கு ரிங் மாற்றிய ஆட்களை எனக்குத் தெரியும்.

நான் எதையும் பார்க்கவில்லை. நேராக ஹெட்டைத் தூக்கினேன். சிலிண்டர் சுவரில் பிஸ்டன் நின்ற இடத்தில் காபிக்கறை மாதிரி ஒரு துருப்பட்டை வளையமாக ஓடியது. அதைப் பார்த்ததும் எனக்குக் கை நடுங்கிவிட்டது. அப்பாவின் நோட்டில் "94 மார்ச், போர் 0.50" என்று எழுதியிருந்தது, அதாவது சிலிண்டர் துளையை அப்போது அரை மி.மீ. பெரிதாக வெட்டியிருந்தார்கள். அதற்குப் பிறகு எவ்வளவு ஓடியது, அந்தத் துரு எவ்வளவு ஆழம், எதுவும் எனக்குத் தெரியாது. தெரிந்துகொள்ள வழி இருந்தது, நான் தேடவில்லை. பயத்தில் சமவெளியில் ஒரு மெக்கானிக்கிடம் வண்டியைக் கொண்டுபோய் விட்டேன். அவர் துருவை நகத்தால் சுரண்டிப் பார்த்துவிட்டு, "போர் போச்சு சார். முழுசா மாத்திடலாம். அப்புறம் இருபது வருஷத்துக்குத் திறக்கவே வேணாம்" என்றார். கேட்க எவ்வளவு நிம்மதியாக இருந்தது! அப்பாவுக்குச் செய்யாததை வண்டிக்குச் செய்வது போல ஒரு எண்ணம் எனக்குள். எல்லாம் புதிது என்றால் எல்லாம் நல்லது என்று நம்பினேன். ஐந்து வாரம் என்றார், நாலு மாதம் ஆனது. புதுப் பிஸ்டன், புது கனெக்டிங் ராடு, புது வால்வு, கைடு, கேம், டேப்பெட், ஆயில் பம்ப், பேரிங், கிளட்ச், செயின் என்று ஒரு பட்டியல் எழுதிக் கொடுத்தார். பில் எதுவும் இல்லை. பழைய சாமான்களைக் கேட்டதற்கு, பாதியைப் பழைய இரும்புக்காரர் எடுத்துப் போய்விட்டதாகச் சொல்லி, மிச்சத்தை ஒரு அரிசிச் சாக்கில் போட்டுக் கொடுத்தார். அந்தச் சாக்கை நான் கொட்டகை மூலையில் வைத்துவிட்டு மறந்துபோனேன்.

வண்டி கிளம்பியது. அம்மீட்டர் முள் நடுவுக்கு வரும்வரை, சிலிண்டரின் அழுத்தத்தை விடுவிக்கும் டெகம்ப்ரசரைப் பிடித்து மிதித்து, பிறகு ஒரே மிதி. அம்மா வாசலில் நின்று கேட்டார். ஓடும்போது, ஹெட்டின் மேல் வால்வை அழுத்தும் ராக்கரின் மூடியைக் கழற்றிப் பார்த்தேன், ஆயில் நன்றாக வந்துகொண்டிருந்தது. சரி, ஆயில் ஓட்டம் பிரச்சினை இல்லை என்று மனம் அடங்கியது. இந்த இடத்தைக் கவனமாகப் படியுங்கள், ஏனென்றால் நான் ஏமாந்தது இங்கேதான். புல்லட்டில் இரண்டு பம்ப். ஒன்று ஆயிலை எடுத்துக் கிராங்க் வழியாகப் பிக் எண்டுக்கு, அதாவது கனெக்டிங் ராடு கிராங்கோடு சேரும் கீழ் முனைக்கு, அனுப்புகிறது. இன்னொன்று கீழே சேரும் ஆயிலைத் திரும்ப இழுத்து ராக்கருக்கு ஏற்றுகிறது. ராக்கரில் ஆயில் வந்தால் திரும்பும் பம்ப் வேலை செய்கிறது என்று மட்டும்தான் அர்த்தம். பிக் எண்டுக்குப் போகிறதா என்பதை அது சொல்லாது.

ஜனவரியில் ஒரு ஞாயிறு. மேட்டுப்பாளையத்திலிருந்து திரும்பி வந்துகொண்டிருந்தேன், மீட்டரில் 280 கிலோமீட்டர்தான் ஆகியிருந்தது. கல்லாறு தாண்டி ஏற்றம் பிடித்து, பர்லியாருக்குக் கொஞ்சம் முன்னால், யாரோ பின்னாலிருந்து வண்டியைப் பிடித்து இழுப்பது போல வேகம் குறைந்தது. பெட்ரோல் அடைப்பு என்று நினைத்து இன்னும் முறுக்கினேன். கீச்சென்று ஒரு சத்தம், பின்சக்கரம் அப்படியே நின்று தேய்த்தது. கிளட்சைப் பிடித்ததால் கீழே விழவில்லை. பின்னால் வந்த பஸ் ஒதுங்கிப் போனது. பழைய வண்டியில் ஏற்றத்தில் காரணமில்லாமல் இழுவை குறைந்தால் முறுக்காதீர்கள், உடனே கிளட்சைப் பிடித்து ஓரம் கட்டுங்கள். அந்த ஐந்து நொடிதான் பிஸ்டனுக்கும் சிலிண்டருக்கும் உயிர். பழக்கடை வைத்திருந்த அக்கா குடிக்கத் தண்ணீர் கொடுத்து, ஸ்டூலைப் போட்டு உட்கார வைத்தார். சைலென்சர் ஆறும்வரை டிக் டிக் என்று சத்தம் வந்துகொண்டே இருந்தது. எனக்கு அழுகை வந்துவிட்டது. மறைக்கவில்லை. இருட்டியபிறகு குட்டி யானை வந்தது.

மெக்கானிக்கைக் கூப்பிட்டேன். "நீங்க ஏற்றத்துல போட்டு அடிச்சிருப்பீங்க" என்றார். அதற்குமேல் அவரோடு பேசிப் பிரயோஜனம் இல்லை என்று தெரிந்தது. ஒரு மாதம் வண்டி பக்கமே போகவில்லை. அப்புறம் ஒரு நாள், இந்த முறை நானே பிரிப்பது, எது போனது என்று என் கண்ணால் பார்க்காமல் ஒரு ரூபாய் செலவழிப்பதில்லை என்று முடிவு செய்தேன். ஒரு ஃபீலர் கேஜ், ஒரு டிஜிட்டல் வெர்னியர், ஒரு கட்டுக் கம்பிச் சீட்டு, நாற்பது ஜிப் பைகள். மொத்தம் 1,600 ரூபாய்கூட ஆகவில்லை. ஒவ்வொரு பாகத்தையும் கழற்றும் முன் போட்டோ, கழற்றியபின் பையில் போட்டு, எங்கிருந்து வந்தது, எந்தப் பக்கம் பார்த்து இருந்தது என்று சீட்டு. போரையும் கிராங்கையும் அளக்க என்னிடம் கருவி இல்லை. அதற்குக் கோயம்புத்தூர் கணபதியில் பழைய இன்ஜின் வேலை பார்க்கும் ஒரு லேத் பெரியவரிடம் போனேன். கையில் புதுப் பாகங்கள், தோளில் அந்த அரிசிச் சாக்கு.

அவர் எதையும் பேசுவதற்கு முன்னால் பிஸ்டனை வெளிச்சத்தில் திருப்பினார். பிஸ்டனின் கீழ்ப்பகுதியான பாவாடையில் நாலு மூலையிலும் செங்குத்தாக உரசல். "தம்பி, போர் வெட்டும்போது பிஸ்டன் பக்கத்துல இருந்துச்சுங்களா?" என்றார். இல்லை. போர் ஓரிடத்தில் வெட்டி, ஒரு வாரம் கழித்துப் பிஸ்டனை வேறு கடையில் வாங்கியிருந்தார்கள். "அப்படி வெட்டக் கூடாதுங்க. பிஸ்டனை அளந்து, அதுக்குத் தகுந்த மாதிரிதான் போரை வெட்டணும். இதுல இடைவெளி பத்தாது. சூடானதும் வீங்கிப் பிடிச்சிருச்சு." பிறகு இன்னொரு கேள்வி கேட்டார். 0.50-இல் இருந்த போரை ஏன் நேராக 1.00-க்குக் கொண்டுபோனார்கள், நடுவில் 0.75 இருக்கிறதே? என்னிடம் பதில் இல்லை. ஸ்டாண்டர்டுக்கு மேல் 0.25, 0.50, 0.75, 1.00 என்று ஒரு சில படிதான். வெட்டிய இரும்பு திரும்ப வராது. என் போட்டோவில் இருந்த துருப்பட்டையைப் பார்த்து, சுவரை லேசாகத் தேய்த்துச் சீராக்கும் ஹோனிங் போட்டுப் பார்த்திருந்தால் போயிருக்க வாய்ப்பு உண்டு, அதற்கும் மேலே போனால் 0.75 போதும் என்றார். அதை இனி நிரூபிக்க முடியாது, அந்த இரும்பு சுருளாகி எங்கேயோ போய்விட்டது. எனக்கு இன்றுவரை ஆறாதது இதுதான்.

சிலிண்டரை வெட்டலாமா வேண்டாமா என்று முடிவு செய்ய அவர் காட்டியதை அப்படியே சொல்கிறேன். போரை மேலே, நடுவில், கீழே என மூன்று இடத்தில், ஒவ்வொரு இடத்திலும் முன்பின்னாக ஒன்று, குறுக்காக ஒன்று என ஆறு அளவு எடுக்க வேண்டும். தேய்மானம் எல்லா இடத்திலும் ஒன்றுபோல் இருக்காது. மேல் ரிங் திரும்பும் இடத்தில், முன்பின் பக்கமாகத்தான் அதிகம் தேயும். ஆறு எண்ணும் நெருங்கி இருந்தால், உருளையாக இருக்கிறது என்று அர்த்தம், புது ரிங்கும் லேசான ஹோனிங்கும் போதும். எண்கள் விலகினால்தான் போரை வெட்ட வேண்டும். ரிங்கைப் புதிதாகப் போட்டாலும் பாக்கெட்டிலிருந்து எடுத்து நேராக மாட்டாதீர்கள். ரிங்கைச் சிலிண்டருக்குள் வைத்து, பிஸ்டனால் நேராகத் தள்ளிவிட்டு, வாய் இடைவெளியில் ஃபீலர் கேஜை விட்டுப் பாருங்கள். போர் விட்டத்தில் 25 மி.மீ.க்கு 0.1 மி.மீ. என்பது கணக்கு, 70-க்கு ஏறத்தாழ 0.28. எனக்குப் போட்டிருந்த ரிங்கில் அது 0.12. சூட்டில் இரண்டு முனையும் முட்டிக்கொண்டால் ரிங் எங்கே போகும்?

அடுத்து, பிஸ்டனையும் கிராங்கையும் இணைக்கும் கனெக்டிங் ராடு. ராடை மேல் நிலையில் நிறுத்தி, நேராக மேலும் கீழும் இழுத்துப் பார்க்க வேண்டும். பக்கவாட்டில் ஆடினால் பயப்பட வேண்டாம், அது இருக்க வேண்டிய ஆட்டம். மேல் கீழாக லேசாக டக் என்றாலே போய்விட்டது. முக்கியம், ஆயிலைப் பெட்ரோலில் கழுவித் துடைத்தபிறகு பார்க்க வேண்டும், ஆயில் படலம் ஆட்டத்தை மறைக்கும். என்னுடையது டக் டக் என்றது. 280 கிலோமீட்டரில்! பெரியவர் கிராங்கைப் பிரஸ்ஸில் போட்டுப் பிரித்துக் காட்டினார். உள்ளே மிதக்கும் புஷ் நீலம் பாரித்துக் காய்ந்து கிடந்தது. ஆயில் போன சுவடே இல்லை.

ஏன் போகவில்லை என்று கண்டுபிடிக்க அவருக்கு ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. "டைமிங் கவரை எடுங்க" என்றார். வலது பக்க டைமிங் கவரின் உள்ளே, கிராங்க் முனை வந்து பொருந்தும் இடத்தில் ஒரு சின்னக் கார்க் வளையம் உண்டு. பம்ப் அனுப்பும் ஆயில் கவரிலிருந்து கிராங்குக்குள் தாவும் இடம் அது. கார்க் இறுக்கிப் பிடித்தால்தான் ஆயில் கிராங்குக்குள் போகும். இல்லாவிட்டால் ஓரமாக ஒழுகி அப்படியே கீழே இறங்கிவிடும். என் வண்டியில் இருந்தது அப்பா காலத்துக் கார்க். பதினோரு வருடம் காய்ந்து, அப்பளம் மாதிரி தட்டையாகி, நகம் பட்டதும் உதிர்ந்தது. சிலிண்டர் சுவருக்கு ஆயில் போவதே பிக் எண்டிலிருந்து சிதறித்தான். பிக் எண்ட் காய்ந்தால் பிஸ்டனும் காயும். அதோடு இறுக்கமான போர், அதோடு கல்லாற்று ஏற்றம். பெரியவர் அந்தத் தூளை என் உள்ளங்கையில் கொட்டினார். நான் அதை ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டே நின்றேன். முப்பத்து நாலாயிரத்துக்கு மேல் செலவு செய்த இன்ஜினில் யாரும் கண்டுகொள்ளாத பொருள்.

அதனால், டைமிங் கவரை எதற்காகத் திறந்தாலும் கார்க்கை மாற்றுங்கள். புதியதை ஒரு ராத்திரி ஆயிலில் ஊறப் போட்டு வையுங்கள். கவரைக் கையால் பொருத்தும்போது உள்ளே அந்தக் கார்க் லேசாக எதிர்த்துத் தள்ள வேண்டும். தள்ளவில்லை என்றால் ஸ்குரூவை முறுக்காதீர்கள். இதே வரிசையில் யோசிக்காமல் மாற்ற வேண்டியவை: எல்லா ஆயில் சீலும், எல்லாப் பேக்கிங்கும், பிஸ்டன் பின் சர்க்லிப், மடக்கிப் பூட்டும் வாஷர்கள். ஒருமுறை மடங்கிய தகடு இரண்டாவது முறை மடங்கும்போது உடையும். சீல் வாங்கும்போது உதட்டை விரலால் மடக்கிப் பாருங்கள், கடை அலமாரியில் வருடக்கணக்கில் கிடந்த சீலும் கார்க்கைப் போலவே விறைத்துப் போயிருக்கும். இவை எல்லாம் சேர்த்து எனக்கு 900 ரூபாய்தான் ஆனது.

அப்புறம் சாக்கைக் கவிழ்த்தோம். வால்வைத் திறக்க வைக்கும் அப்பாவின் கேம் இரண்டும், கேம் தள்ளும் டேப்பெட்டும், ஆயில் பம்ப்பும் அதில் இருந்தன. பெரியவர் கேமைத் துடைத்து நகத்தை மெதுவாக மேலே ஓட்டினார், என்னையும் ஓட்டச் சொன்னார். கண்ணாடி மாதிரி இருந்தது, ஒரு குழி இல்லை. 280 கிலோமீட்டர் ஓடிய புதுக் கேமின் மூக்கில் நகம் மாட்டியது. மேல் தோல் கடினம் இல்லாத இரும்பு. பளபளப்பைப் பார்த்து மாற்ற வேண்டியதில்லை, நகம் மாட்டினால் மாற்றுங்கள். கேமும் டேப்பெட்டும் ஜோடி. பழைய டேப்பெட்டின் மேல் புதுக் கேமைப் போட்டால் இரண்டும் சேர்ந்து கெடும். ஒன்றை மாற்றினால் மற்றதையும் மாற்ற வேண்டும், வைத்தால் இரண்டையும் வைக்க வேண்டும். ஆயில் பம்ப்பிலும் அப்படித்தான். அப்பாவுடையதின் தகட்டைக் கண்ணாடி மேல் மெல்லிய பேஸ்ட் போட்டு எட்டு வரைந்து தேய்த்தோம், முழு முகமும் ஒரே சாம்பல் நிறமாக வந்தது. பம்ப்பை ஓட்டும் புழுப் பல்லின் முனை கூர்ந்து போயிருந்தால் மட்டும் அதை விடாதீர்கள், அது வழுக்கினால் ஆயிலே நின்றுவிடும். பழைய கனெக்டிங் ராடும் பிஸ்டனும் சாக்கில் இல்லை. இரும்புக்காரர் எடுத்துப் போன பாதியில் அவை போய்விட்டன.

பேரிங் விஷயத்தில் ஒரு லாபமான பாடம். மெயின் பேரிங்கைக் கழுவிக் காதருகே வைத்துச் சுற்றினால் கரகரப்பு தெரியும். தெரிந்தால் மாற்ற வேண்டியதுதான். ஆனால் ஸ்பேர்ஸ் கடையில் வண்டிப் பெயரைச் சொல்லி வாங்காதீர்கள். பேரிங் ஓரத்தில் பொறித்திருக்கும் எண்ணை எழுதிக்கொண்டு போய் பேரிங் மட்டும் விற்கும் கடையில் கேளுங்கள். நல்ல கம்பெனிப் பொருள், முதல் முறை கொடுத்ததைவிடக் குறைந்த விலையில் கிடைத்தது. அதைக் கழற்றுவதும் மாட்டுவதும் சுத்தியல் வேலை இல்லை. கிராங்க் கேஸ் அலுமினியம், சூட்டில் இரும்பைவிட அதிகம் விரியும். அம்மாவின் பெரிய தோசைக்கல்லைத் தேய்த்து, அதன்மேல் கேஸின் ஒரு பாதியைக் கவிழ்த்து, சிறு தீயில் வைத்தேன். அம்மா பக்கத்தில் நின்று தோசைக்குத் தெளிப்பது போலத் தண்ணீர் தெளித்துப் பார்த்தார். முதலில் துளி அப்படியே உட்கார்ந்து மெல்ல ஆவியானது. கொஞ்ச நேரத்தில் சுர்ரென்றது. "இப்பப் பாரு" என்றார். துணியைப் பிடித்துக் கேஸைத் தூக்கி மரப்பலகையில் லேசாகத் தட்டினேன். பேரிங் தொப்பென்று தானே விழுந்தது. ஒரு கீறல் இல்லை.

வால்வைப் பற்றிச் சுருக்கமாக. வால்வைக் கொஞ்சம் தூக்கிப் பிடித்து ஆட்டினால் கைடின் தேய்மானம் தெரியும், எக்ஸாஸ்ட் கைடுதான் முதலில் போகும். சீட்டிங் சரியா என்று பார்க்க, ஹெட்டைப் போர்ட்டின் வாய் மேலே பார்க்கும்படி சாய்த்து அதில் பெட்ரோல் ஊற்றி, வால்வு ஓரம் ஈரம் கசிகிறதா என்று பார்த்தால் போதும். முதல் முறை போட்ட வால்வும் கைடும் நன்றாகவே இருந்தன, அவற்றை அப்படியே வைத்துக்கொண்டேன். கோபத்தில் அந்த மெக்கானிக் போட்டது எல்லாவற்றையும் பிடுங்கிப் போடத்தான் கை துடித்தது. அதுவும் அளக்காமல் மாற்றுவதுதானே என்று என்னை நானே நிறுத்திக்கொண்டேன். கிளட்சும் செயினும்கூட அப்படியே இருக்கின்றன.

சிலிண்டருக்குள் ஸ்லீவ் என்ற புது இரும்புக் குழாயை இறக்கி மறுபடி 70-க்குக் கொண்டுவந்தோம். இந்த முறை பிஸ்டனை நான் கையில் கொண்டுபோய்க் கொடுத்தபிறகுதான் பெரியவர் மெஷினை ஓட்டினார். புது ராடு போட்டு, கிராங்கை இரண்டு முனையில் நிறுத்தி டயல் கேஜ் வைத்து, சுற்றும்போது வரும் ஆட்டம் 0.05 மி.மீ.க்குள் வரும்வரை செம்புச் சுத்தியலால் தட்டித் தட்டிச் சரி செய்தார். அந்த ஒரு வேலைக்கே அரை நாள் ஆனது. காசு அதிகமோ என்று முதலில் நினைத்தேன், பார்த்தபிறகு அந்த எண்ணம் போய்விட்டது. வீட்டில் நான் பூட்டும்போது ஃபில்டர் அறை முழுக்க ஆயில் நிரப்பிவிட்டுத்தான் மூடினேன், இல்லாவிட்டால் முதல் ஸ்டார்ட்டில் அந்த அறை நிரம்பும்வரை பிக் எண்ட் காய்ந்து ஓடும். டேப்பெட்டைக் குளிர்ந்த இன்ஜினில், புஷ்ராடு விரலால் சுற்றும், ஆனால் மேல் கீழாக ஆடாது என்ற அளவில் வைத்தேன்.

ரன்னிங் இன், அதாவது புதுப் பாகங்கள் பதியும்வரை மெதுவாக ஓட்ட, மலை சரியான இடம் இல்லை. ஏற்றத்தில் இன்ஜின் திணறும், இறக்கத்தில் சும்மா வரும், ரிங் பதிய இரண்டுமே நல்லதல்ல. வண்டியை மறுபடி குட்டி யானையில் ஏற்றி மேட்டுப்பாளையம் கொண்டுபோய், ஒரு வாரம் நண்பன் வீட்டில் வைத்து, விடியற்காலையில் சிறுமுகை வழியாகச் சத்தியமங்கலம் ரோட்டில் ஓட்டினேன். 45 கிலோமீட்டர் வேகத்துக்கு மேல் போகவில்லை, ஒரே வேகத்திலும் ஓட்டவில்லை. 100 கிலோமீட்டரில் முதல் ஆயில் மாற்றம், 500-இல் இரண்டாவது. முதலில் இறக்கிய ஆயிலை வெள்ளைத் துணியில் வடிகட்டிப் பார்த்தேன். கொஞ்சம் மினுக்கம் இருந்தது. இரண்டாவதில் இல்லை. 500-க்குப் பிறகுதான் கல்லாறு வழியாக மேலே ஏற்றினேன், நடுவில் இரண்டு இடத்தில் நிறுத்தி ஆறவிட்டேன். பர்லியாரில் பழக்கடை அக்கா வண்டியை அடையாளம் கண்டு, "ஓடுதா?" என்று கேட்டார்.

இப்போது 3,100 கிலோமீட்டர். ஒவ்வொரு அளவையும் ஒரு அட்டையில் எழுதி டூல்பாக்ஸ் மூடியின் உட்புறம் ஒட்டியிருக்கிறேன். அப்பா எழுதிய "94 மார்ச், போர் 0.50" என்ற பக்கத்தைக் கிழிக்க மனம் வரவில்லை, போட்டோ எடுத்து அதையும் பக்கத்தில் ஒட்டினேன். போன வாரம் டைமிங் கவரைத் திறக்க வேண்டியிருந்தது, பாயிண்ட்டுக்குக் கீழே சின்ன ஆயில் கசிவு. கார்க்கைப் பார்த்தேன், நன்றாகத்தான் இருந்தது. ஆயிலில் ஊற வைத்திருந்த புதியதை எடுத்துப் போட்டுவிட்டு மூடினேன்.